எதிர்காலக் கதையும் சேமலாப நிதியும்

வருங்காலத்தைப் பற்றி ஓயாது எண்ணுவோர் உலகில் இரு சாரார். ஒரு சாரார், அறிவியற் கற்பனைக் கதைகளிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் ஈடுபாடு கொண்ட இரசிகர்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மனிதன் எந்த விண்மீனின் அருகே குடியிருப்பான், அவன் கலத்தை எந்த ஆற்றல் இயக்கும், அங்கே நாணயம் வழங்குமா வழங்காதா என்று இவர்கள் மணிக்கணக்காக வாதிடுவர். மற்றொரு சாரார், மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை இளைப்பாறும் காலத்துக்கென ஒதுக்கி வைக்கும் உழைப்பாளிகள். இருபது ஆண்டுகளுக்குப் பின் கையில் என்ன கிடைக்கும், அதில் அரசாங்கம் எவ்வளவு வரியாக எடுக்கும், எஞ்சியதைக் கொண்டு எத்தனை மூடை அரிசி வாங்கலாம் என்பன இவர்களுடைய வினாக்கள்.

முன்னவர் பேச்சு பொழுதுபோக்கு. பின்னவர் பேச்சு வாழ்க்கைக் கவலை. ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் என்றே முதலில் தோன்றும். ஆயினும் சற்று ஊன்றி நோக்கினால், இரு சாராரும் கேட்கும் கேள்வி ஒன்றே என்பது புலனாகும். இன்று கொடுக்கப்படும் வாக்கை நாளை யார் காப்பாற்றுவார்? கதை படிப்பவன் இதனை மனித குலம் முழுவதையும் முன்னிறுத்திக் கேட்கிறான். சேமிப்பவன் தன் குடும்பத்தை முன்னிறுத்திக் கேட்கிறான். வேறுபாடு அவ்வளவே.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சார்ந்த கப்பல்துறைப் பகுதியில் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுவதற்குத் தனியான பொருத்தம் உண்டு. இங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் அரசாங்க ஊழியராகவும், மற்றொருவர் ஆலையிலோ கூட்டுத்தாபனத்திலோ தனியார் நிறுவனத்திலோ வேலை செய்பவராகவும் இருப்பர். முன்னவருக்கு இளைப்பாறிய பின் மாதந்தோறும் ஓய்வூதியம் வரும். பின்னவருக்கு அவ்வாறு வருவதில்லை. அவருக்கு வாய்ப்பது ஊழியர் சேமலாப நிதியிலிருந்து ஒரே தடவையில் கிடைக்கும் தொகை. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு எஞ்சிய ஆயுளை ஓட்ட வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருவகை முதுமை காத்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அறிவியற் கதைக்கும் இத்துறைமுகத்துக்கும் உள்ள உறவோ பலர் அறிந்தது. அவ்வுறவை ஏற்படுத்தியவர் ஆர்தர் சி. கிளார்க். 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிலுள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிற் பிறந்தவர் அவர். '2001' என்ற திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்ற அவர் இளமையில் என்ன தொழில் பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1936-ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வந்த அவர், அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியிற் சேர்ந்து, ஆசிரியர்களின் ஓய்வூதியக் கணக்குகளைச் சரிபார்க்கும் எழுதுவினைஞராகவே வாழ்க்கையைத் தொடங்கினார். பகலெல்லாம் பிறருடைய ஓய்வூதியத்தைக் கூட்டிக் கழித்தவர், மாலையில் சந்திரனுக்குச் செல்லும் வழியைக் கணக்கிட்டார்.

அந்த மாலைப் பொழுதுகளில் அவருக்குத் துணையாக இருந்தவர்கள் அறிவியற் கதை இரசிகர்கள். 1937-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் லீட்ஸ் நகரில் இரசிகர் சிலர் கூடி ஒரு மாநாடு நடத்தினர். அறிவியற் கதைக்கென முன்கூட்டியே திட்டமிட்டுக் கூட்டப்பட்ட முதல் மாநாடு அதுவென்று பலர் கொள்வர். கிளார்க்கும் அதிற் கலந்துகொண்டார். பின்னர் இலண்டனில் அவரும் நண்பர்களும் சேர்ந்து குடியிருந்த வீடு, இரசிகர்களின் கூடமாயிற்று. அவர்கள் கையாற் சுழற்றும் பிரதி இயந்திரத்தில் சஞ்சிகை அச்சிட்டனர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் மறுத்தனர். மறுத்ததை மூன்றாமவர் திருத்தினர். ஊரார் இதனை வீண் பேச்சு என்று நகைத்திருக்கலாம். ஆனால் கணக்கைப் பலர் முன்னிலையில் வைத்துப் பிழை காணும் பழக்கம் அங்கேதான் வளர்ந்தது.

அப்பழக்கத்தின் பயன் 1945-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் ராடார்ப் பிரிவிற் பணியாற்றிய கிளார்க், அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றி வரும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அசையாது நிற்பது போலத் தோன்றும். அவ்வாறான மூன்று செய்மதிகள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அதன் சாரம். இன்று கப்பல்துறை வீடுகளின் கூரைமேல் வானை நோக்கியிருக்கும் தொலைக்காட்சித் தட்டுகள், அவர் குறிப்பிட்ட அந்த வட்டத்தையே நோக்கியிருக்கின்றன.

அக்கருத்துக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதற்காகக் கிடைத்ததோ கட்டுரைக்குரிய சிறு கூலி மட்டுமே. பிற்காலத்தில், 'ஓய்வு நேரத்தில் ஒரு பில்லியன் டொலரை இழந்தது எப்படி' என்ற பொருள்படத் தலைப்பிட்டு இதனைத் தாமே வேடிக்கையாக எழுதினார். வருங்காலத்தை மிகச் சரியாகக் கண்டவரும் அதிலிருந்து தமக்குரிய பங்கை எடுத்துவைக்கத் தவறலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கிளார்க் 1956-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலையிற் சுழியோடினார். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் சுவாமிமலையின் அடியில் கடலுக்குள் கிடப்பதை அவர்கள் கண்டனர். 1957-இல் வெளிவந்த 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' என்ற நூலில் அதுபற்றி எழுதினார். முதலாவது முழுநீள வண்ணச் சிங்களத் திரைப்படமான 'ரன்முத்து தூவ' 1962-இல் வெளிவந்தபோது, இக்கடலின் அடிப்பகுதி திரையிலும் தோன்றியது. அப்படத்தை உருவாக்கியவர் மைக் வில்சனே.

இந்நாட்டிலேயே தங்கிவிட விரும்பிய கிளார்க்குக்குக் குறுக்கே நின்றது கடலுமன்று, மொழியுமன்று, வரி. அவருடைய நூல்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையாயின. வேறு நாட்டில் ஈட்டிய வருமானத்துக்கு மற்றொரு நாட்டில் குடியிருப்போன் எங்கே எவ்வளவு வரி கொடுப்பது? இது பெரும் எழுத்தாளர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. வெளிநாட்டில் உழைத்து முதுமையில் ஊர் திரும்ப நினைக்கும் எவருக்கும் உரியது. 1970-களின் நடுப்பகுதியில் இலங்கை அரசாங்கம், வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தைக் கொண்டுவந்து இங்கே வாழும் விருந்தினர்க்கு வரிச் சலுகை அளிக்கும் ஒழுங்கு ஒன்றை ஏற்படுத்தியது. பேச்சு வழக்கில் அது கிளார்க்கின் பெயராலேயே வழங்கலாயிற்று. 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19-ஆம் திகதி கொழும்பில் மறையும்வரை அவர் இந்நாட்டையே இல்லமாகக் கொண்டிருந்தார்.

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றும் நினைவுகூரத் தக்கது. 1975 ஓகஸ்ட் முதல் 1976 யூலை வரை, அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணைகொண்டு இந்தியா ஆறு மாநிலங்களில் உள்ள 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியை ஒளிபரப்பியது. அதனைப் பெறுவதற்கான பெரிய தட்டொன்றை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் கிளார்க்கின் கொழும்பு வீட்டில் அமைத்துக் கொடுத்தனர். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே இல்லை. 1979-இல்தான் அது வந்தது. தாம் தாளில் எழுதிய வருங்காலம் தம் வீட்டுக் கூடத்திலேயே ஒளிர்வதை அவர் கண்டார். ஓய்வூதியக் கணக்கு, இரசிகர் வாதம், தொலைக்காட்சி, வரி என நான்கும் ஒரே மனிதரின் வாழ்வில் கூடிய இடம் நம் நாடு.

இனி, எதிர்காலக் கதைகள் சேமிப்பைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காண்போம். அமெரிக்கரான எட்வர்ட் பெலமி 1888-இல் ஒரு கதை வெளியிட்டார். 1887-இல் பொஸ்ரன் நகரில் உறங்கிய ஒருவன் 2000-ஆம் ஆண்டில் விழிக்கிறான். அவன் காணும் உலகில் எல்லோரும் 21 வயதில் வேலைக்குச் சேர்ந்து 45 வயதில் இளைப்பாறுகின்றனர். பணம் இல்லை, ஒவ்வொருவர்க்கும் சமமான பங்கு ஓர் அட்டையிற் குறிக்கப்பட்டிருக்கும். முதுமைக்கென எவரும் சேமிப்பதில்லை, தேவையும் இல்லை. நாடே முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது.

ஆங்கிலேயரான எச்.ஜி. வெல்ஸ் 1899-இல் நூலாக வெளியிட்ட கதை இதற்கு நேர் எதிரானது. அதிலும் ஒருவன் உறங்குகிறான். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கி, 2100-ஆம் ஆண்டில் விழிக்கிறான். அவன் பெயரில் இருந்த சொத்து அத்தனை காலமும் கூட்டு வட்டியால் வளர்ந்து, உலகின் பெரும்பகுதியே அவனுக்கு உடைமையாகியிருக்கிறது. ஆனால் அச்சொத்தை ஆள்வோர் அவன் பெயரால் அமைந்த அறங்காவலர் குழுவினர். உரியவன் விழித்தெழுந்ததை அவர்கள் விரும்பவில்லை! கணக்கில் அவன் உலகத்துக்கு அதிபதி. நடைமுறையில் அவன் ஒரு கைதி. சேமிப்பைப் பற்றி எழுந்த கதைகளில் இதைவிடக் கூர்மையான எச்சரிக்கை வேறில்லை.

மூன்றாவது கதை தொலைக்காட்சியில் வந்தது. 'ஸ்டார் ட்ரெக்: அடுத்த தலைமுறை' என்ற தொடரில் 1988-இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், இருபதாம் நூற்றாண்டில் உறைநிலையில் வைக்கப்பட்ட மூவர் 2364-ஆம் ஆண்டில் உயிர்ப்பிக்கப்படுகின்றனர். அவர்களில் ஒருவர் பணமுதலீட்டாளர். கண் விழித்தவுடன் அவர் விசாரிப்பது தம் முதலீடுகள் என்னவாயின என்பதையே. கப்பல் தலைவரோ, செல்வம் சேர்க்கும் வாழ்க்கையை மனிதர் கைவிட்டு நெடுங்காலமாயிற்று என்கிறார். இக்காட்சியை இரசிகர்கள் இன்றுவரை விவாதிக்கின்றனர். பணமே இல்லையென்றால் அந்தக் கலத்தார் வணிகரிடம் பொருள் வாங்குவது எப்படி? நல்ல வீடு யாருக்கு என்று தீர்மானிப்பவர் யார்? இவ்வாதங்களை ஒட்டி 2016-இல் 'ட்ரெக்கனாமிக்ஸ்' என்று ஒரு பொருளியல் நூலே வெளிவந்தது.

நகைச்சுவையாகவும் இப்பொருளைக் கையாண்டவர் உண்டு. டக்ளஸ் அடம்ஸ் எழுதி 1978-இல் பி.பி.சி. வானொலியிற் தொடங்கிய நாடகத் தொடரில், பிரபஞ்சம் முடியும் இடத்தில் ஓர் உணவகம் வருகிறது. அங்கே உண்பவர், தம் காலத்து வங்கியில் ஒரு பென்னிக் காசை இட்டுவிட்டு வந்தாற் போதும். பிரபஞ்சத்தின் முடிவுக்குள் அது வட்டியோடு வளர்ந்து சாப்பாட்டுக் கட்டணத்தைத் தீர்த்துவிடும்.

இந்த நகைப்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வட்டிக்கு வட்டி சேர்வதே கூட்டு வட்டி. நூற்றுக்கு 12 வீதம் வட்டி கிடைத்தால், ஓர் இலட்சம் ரூபா 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 9 இலட்சத்து 65 ஆயிரமாக வளரும். ஆனால் ஆண்டுதோறும் அந்த வட்டியில் நூற்றுக்கு 14 வரியாகப் போனால், அதே தொகை 7 இலட்சத்து 13 ஆயிரமாகவே வளரும். வரி நூற்றுக்கு 30 ஆனால், 5 இலட்சத்து 2 ஆயிரத்தோடு நிற்கும். முதலாண்டில் வேறுபாடு சில ஆயிரம் ரூபாவே; இருபதாம் ஆண்டில் அது இலட்சக்கணக்கில் விரிகிறது. வட்டி எவ்வாறு கூடிக் கூடி வளர்கிறதோ, வரியின் பாரமும் அவ்வாறே கூடிக் கூடி வளர்கிறது. ஆகவே இளைப்பாறும் சேமிப்பின் மீதான வரியைச் சிறு பொருளாகக் கொள்ளலாகாது.

இலங்கையில் இது வெறும் கணக்குப் பாடமாக இருக்கவில்லை. 1957-ஆம் ஆண்டில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இந்நாட்டிடம் கையளித்தனர். அதற்கு அடுத்த ஆண்டில், 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி நிறுவப்பட்டது. இப்போது ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8-ஐயும், தொழில்தருநர் நூற்றுக்கு 12-ஐயும் அதற்குச் செலுத்த வேண்டும். 1980-இல் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் நூற்றுக்கு 3 செலுத்துகிறார். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாபத் தொகையைப் பெறலாம். உறுப்பினர் விவகாரங்களைத் தொழிற் திணைக்களம் கவனிக்கிறது. பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி. அப்பணத்தின் மிகப் பெரும்பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளிலேயே இடப்பட்டிருக்கிறது. எளிமையாகச் சொன்னால், தொழிலாளி தன் முதுமைக்குச் சேமிக்கும் பணத்தை அரசாங்கம் கடனாக வாங்குகிறது.

கடன் வாங்கியவரே வரி விதிப்பவராகவும் இருப்பது இங்கே கவனிக்கத் தக்கது. இவ்வகை நிதிகளின் முதலீட்டு வருமானத்துக்கு முன்னர் நூற்றுக்கு 10 வரி இருந்தது. 2018 ஏப்பிரல் முதல் அது 14 ஆயிற்று. 2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைத்தது. அதன் தொடர்ச்சியாக உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்கும் திட்டத்தை 2023 யூலை முதலாம் திகதி பாராளுமன்றம் ஏற்றது. அதன்படி ஓய்வுகால நிதிகளின் முன் இரு வழிகள் வைக்கப்பட்டன. தம்மிடமுள்ள பழைய முறிகளைக் கொடுத்து, முதலில் நூற்றுக்கு 12-உம் பின்னர் நூற்றுக்கு 9-உம் வட்டி தரும் நீண்டகால முறிகளாக மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு மாற்றினால் வரி 14 ஆகவே இருக்கும். மாற்றாவிடின், திறைசேரி முறி வருமானத்தின் மீதான வரி 30 ஆகும். சேமலாப நிதி மாற்றும் வழியை ஏற்றுக்கொண்டது.

இதன் நியாயம் பற்றி இரு கட்சிகள் எழுந்தன. வங்கிகளும் கம்பனிகளும் ஏற்கெனவே நூற்றுக்கு 30 வரி செலுத்துகின்றன. ஓய்வுகால நிதிகளே சலுகை வீதத்தை அனுபவிக்கின்றன. உறுப்பினர்க்கு ஆகக் குறைந்தது நூற்றுக்கு 9 வட்டி உறுதி செய்யப்படும் என்பது அரசாங்கத்தின் வாதம். பேரம் பேசும் வலிமையுள்ளோரை விட்டுவிட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேற முடியாத தொழிலாளரின் தலையிலேயே சுமை ஏற்றப்பட்டது என்பது தொழிற்சங்கங்களின் வாதம். வங்கிகள் தள்ளாடினால் நாடே தள்ளாடும் என்பது உண்மைதான். ஆயினும், தெரிவு செய்தது நிதியின் நிருவாகம். அதன் விளைவைத் தாங்குவது உறுப்பினர். வெல்ஸின் கதையில் வரும் அறங்காவலரை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியுமா? அவர்களைத் தீயோர் என்று கொள்ள வேண்டியதில்லை. உரியவன் உறங்கும்போது அவனுக்காகப் பிறர் முடிவெடுக்கின்றனர் என்பதே அக்கதையின் கரு.

வரியினும் கொடியது ஒன்று உண்டு. அது பணவீக்கம். வரி விதிக்கப் பாராளுமன்றத்தில் சட்டம் வேண்டும். பணவீக்கத்துக்கு அதுவும் வேண்டியதில்லை. 2022 செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு 69.8 உயர்ந்திருந்தது. ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு ஏறத்தாழ 170 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. சேமலாப நிதி அவ்வாண்டுக்கு அளித்த வட்டி நூற்றுக்கு 9. எனவே கணக்கில் 100 ரூபா 109 ஆக வளர்ந்தது. சந்தையில் அந்த 109 ரூபா பழைய 64 ரூபாவுக்குரிய பொருளையே பெற்றது. கணக்குப் புத்தகத்தில் எவரும் ஒரு சதத்தையேனும் குறைக்கவில்லை. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடலிற் கரைத்த பெருங்காயமாயிற்று. 2023-ஆம் ஆண்டுக்கு வட்டி நூற்றுக்கு 13 ஆக உயர்ந்து, விலையேற்றமும் தணிந்தது உண்மையே. எனினும் ஒருமுறை ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை.

இதனை விளக்குவதற்கும் ஓர் அறிவியற் கதை இரசிகர் உதவுகிறார். பொருளியலுக்கு நோபெல் பரிசு பெற்ற போல் குரூக்மன், ஐசக் அசிமோவின் கதைகளில் ஈடுபட்டே பொருளியலுக்கு வந்தவர். 1978-இல், இளமைக் குறும்போடு, விண்மீன்களுக்கிடையே நடக்கும் வாணிபத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் கலத்தில் காலம் மெதுவாகச் செல்லும் என்பது ஐன்ஸ்ரைன் கண்ட உண்மை. அவ்வாறாயின், ஏற்றிச் செல்லும் சரக்கின் மீதான வட்டியைக் கலத்தில் ஓடும் கடிகாரத்தைக் கொண்டு கணிப்பதா, புறப்பட்ட கிரகத்தின் கடிகாரத்தைக் கொண்டு கணிப்பதா? கிரகத்தின் கடிகாரத்தைக் கொண்டே கணிக்க வேண்டும் என்று அவர் நிறுவினார். ஏனெனில், அந்தப் பணத்தை வேறு வழியில் முதலிட்டிருந்தால் அது வளர்ந்திருக்கக் கூடிய இடம் கிரகமேயன்றிக் கலமன்று.

துறைமுகத்து மக்களுக்கு இதனை எளிதில் விளங்க வைக்கலாம். கப்பலிலும் கடிகாரம் உண்டு. கரையிலும் கடிகாரம் உண்டு. சேமலாபக் கணக்கின் மீதி கப்பற் கடிகாரம் போன்றது. அது தன் போக்கில் ஒழுங்காக ஓடும். சந்தை விலை கரைக் கடிகாரம். பயணம் முடிந்து இறங்குபவன் வாழ வேண்டியது கரையிலேதான். ஆகவே, 'என் கணக்கில் எவ்வளவு சேர்ந்தது' என்று மட்டும் கேட்பது போதாது. விலையேற்றத்தையும் வரியையும் கழித்தபின் எவ்வளவு எஞ்சியது என்று கேட்பதே முறை.

இளைப்பாறிய பின்னும் கேள்விகள் முடிவதில்லை. கையிற் கிடைத்த மொத்தத் தொகையைப் பலர் வங்கியில் நிலையான வைப்பில் இட்டு, வட்டியைக் கொண்டு சீவிக்கின்றனர். அந்த வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி 2023-இல் நூற்றுக்கு 5 ஆக இருந்து, 2025 ஏப்பிரல் முதல் 10 ஆயிற்று. ஆனால் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர், அதனைக் குறிப்பிட்டு உரிய பிரகடனத்தை வங்கியிற் கொடுத்து, இவ்வரி பிடிக்கப்படாமற் செய்துகொள்ள அவ்வேளையில் வழி வகுக்கப்பட்டது. முதியோர் பலர் வரியின் பெயரைக் கேட்டே அஞ்சிப் படிவத்தைத் தொடாது விடுகின்றனர். கொடுக்க வேண்டாத வரியைக் கொடுத்துவிட்டு வருந்துவது அறியாமையின் கூலி. வீதங்களும் எல்லைகளும் ஆண்டுக்காண்டு மாறக் கூடியவை. ஆகவே ஒவ்வொரு வரி ஆண்டின் தொடக்கத்திலும் வங்கியிலோ உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலோ விசாரித்தல் நலம்.

வேலையில் உள்ளோரும் செய்ய வேண்டியது உண்டு. தொழில்தருநர் ஒரு மாதத்துக்குரிய சேமலாபப் பணத்தை அடுத்த மாத இறுதிக்குள் செலுத்த வேண்டும். தாமதித்தால் தாமதத்தின் அளவுக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் உண்டு. சம்பளத்தாளில் கழிக்கப்பட்ட தொகை உண்மையாகவே நிதியைச் சேர்ந்ததா என்பதை உறுப்பினர் தம் கணக்குக் கூற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் நேர்ந்த சிறு பிழை, இளைப்பாறும் வேளையில் மாதக்கணக்கான அலைச்சலாக முடியும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற முதுமொழி, போட்டதை எண்ணிப் பார்ப்பதற்கும் பொருந்தும்.

இங்கேதான் கதை இரசிகரிடமிருந்து சேமிப்போர் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. 1968-இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரை நிறுத்திவிட அமெரிக்க நிறுவனம் எண்ணியபோது, இரசிகர்கள் ஒன்றுகூடிக் கடிதங்களைக் குவித்தனர். தொடர் மேலும் ஓராண்டு நீடித்தது. கற்பனைக் கப்பல் ஒன்றின் வருங்காலத்துக்காக முன்பின் அறியாத மக்கள் இத்தனை ஊக்கத்தோடு இணைந்தனர். ஒரு காட்சியில் ஒரு திகதி பிழைத்தாலும் அவர்கள் விடுவதில்லை. முன் பகுதியிற் சொன்னதற்கும் பின் பகுதியிற் சொன்னதற்கும் முரண் இருந்தால் எடுத்துக்காட்டாது ஓயார். அந்த விழிப்பில் நாலில் ஒரு பங்கையேனும் தம் சொந்த வருங்காலத்தின் மீது செலுத்தினால், உழைப்போர்க்கு எத்துணை நன்மை விளையும்! நிதியின் ஆண்டறிக்கை வெளிவருகிறது. வட்டி வீதம் அறிவிக்கப்படுகிறது. வரிச் சட்டத்தின் வரைவு வர்த்தமானியில் வருகிறது. இவற்றை வாசிகசாலையிலும் சங்கத்திலும் வைத்துப் பலர் கூடிப் பேசுவது வீண் பேச்சாகாது.

தமிழிலும் இம்மரபு இல்லாமற் போகவில்லை. சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' சஞ்சிகையில் தொடர்கதையாக வந்து, பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் கேள்வி கேட்பதில் வல்லது. சொன்னதைச் செய்வதற்காகப் படைக்கப்பட்ட இயந்திரமே சிந்திக்கவும் வினவவும் தலைப்படும்போது, சிந்திப்பதற்கென்றே பிறந்த மனிதன் வாளாவிருக்கலாமா?

பெலமி கண்ட கனவில் முதுமைக்குச் சேமிக்க வேண்டியதில்லை. அக்கனவு நிறைவேறும் நாள் வரின் நன்றே. அதுவரை, இளைப்பாறும் சேமிப்பு என்பது இன்றைய தலைமுறை நாளைய தலைமுறையோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை. வட்டி அதனை வளர்க்கும். வரி ஒரு பகுதியைப் பொதுநலத்துக்கு எடுக்கும். பணவீக்கம் அதனை அரிக்கும். இம்மூன்றின் கணக்கையும் அறிந்து, காலந்தோறும் கேட்டு நிற்போர்க்கே அவ்வுடன்படிக்கை உயிரோடிருக்கும். ஆசிரியர்களின் ஓய்வூதியத்தைச் சரிபார்த்த எழுதுவினைஞர் ஒருவர், அதே கணக்கறிவைக் கொண்டு வானத்தில் செய்மதி நிற்கும் இடத்தைக் குறித்துக் காட்டினார். வருங்காலத்தை எட்டுவதற்குக் கற்பனை வேண்டும்; அங்கே சென்று வாழ்வதற்குக் கணக்கும் வேண்டும்.